ஒன்பதாம் கேள்வி

அத்தியாயம் பதினேழு

டேங்கர் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வர வேண்டியது. ஏழரை ஆகியும் கேட்டுக்கு வெளியே தெரு காலியாகக் கிடந்தது. பதினொரு வருடத்தில் ஒரு செவ்வாய் தவறியதில்லை. கொட்டும் மழையில் வந்திருக்கிறது. மறியல் நடந்த நாளில்கூடச் சந்து பொந்தெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்கென்று பார்த்து வரவில்லை.

இன்றைக்குத்தான் கோர்ட்டில் விசாரணை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. முதலிலிருந்தே படிப்பவர்கள் தாவிப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா வைத்திருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பும் நிலையம். டேங்கரில் வரும் திரவ ஆக்சிஜனைப் பெரிய டேங்கில் இறக்கி, வாயுவாக்கி, சிலிண்டரில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகத்தைப் பார்ப்பவள் அவருடைய மகள், பெரியவள். வண்டி ஓட்டுகிறவன் அவள் தம்பி, சின்னவன். அந்தத் திரவத்தை விற்பவை இரண்டே கம்பெனிகள்தான். ஒன்றின் டேங்கர் நீலம், இன்னொன்றுடையது வெள்ளை. நீலம் முறுக்கிக்கொண்டால் வெள்ளையிடம் போகலாம், வெள்ளை முறுக்கிக்கொண்டால் நீலத்திடம் போகலாம். இப்படித்தான் இத்தனை காலம் பிழைப்பு ஓடியது. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டும் ஒரே கம்பெனியாகின்றன. பெரியவர்கள் கை கோத்துக்கொண்டு சின்னவர்களை நசுக்காமல் பார்த்துக்கொள்ளவென்றே போட்டி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஆணையமே இந்த இணைப்புக்குத் தாராளமாக ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதை எதிர்த்துத்தான் பெரியவள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள்.

"ஆணையம் சின்ன நிலையங்களை ஒரு வார்த்தைகூடக் கேக்கல. அது ஒண்ணு போதும், வெள்ளிக்கிழமைக்குள்ள தடை வாங்கிடலாம்" என்று போன வாரம் வக்கீலம்மா அடித்துச் சொன்னது நினைவிருக்கும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வாரம் எல்லாம் சிக்கப்போகிறது.

பெரியவள் கோர்ட்டுக்கான புடவையைக் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தபோது, அப்பா டேங்கின் அளவுமானிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலை வழக்கம்போல வறண்டு பறந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நெருப்பே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் முப்பது வருடமாக அவர் தலையில் சொட்டு எண்ணெய் வைத்ததில்லை. அந்தச் சிக்கனம் எப்படியோ வாய்க்கும் இறங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லுவார். ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'தந்தி'.

"எவ்வளவுப்பா இருக்கு?"

"நாப்பது."

நாற்பது சிலிண்டருக்கான திரவம்தான் மிச்சம் என்று அர்த்தம்.

"டேங்கர்காரங்களுக்குப் போன் பண்ணீங்களா?"

"எடுக்கல."

அதே நேரம் மேஜையிலிருந்த போன் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோர்கீப்பர். கத்திப் பேசுகிறவர், ஒலிபெருக்கி தேவையில்லை. நாளைக்குப் பதினாலு சிலிண்டர் வேண்டும், முடியுமா என்றார்.

"முடியும்" என்றார் அப்பா. போனை வைத்தார்.

முடியுமா, முடியும். பெரியவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு இது. ஆஸ்பத்திரிக்காரன் கேட்டு அப்பா 'முடியாது' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"டேங்கர் வரலைன்னு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துலப்பா சொல்றீங்க?"

"ஆஸ்பத்திரிம்மா."

அதற்கு மேல் அவரிடம் பேச்சு வாங்க முடியாது. சின்னவன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"நான் நேரா அவங்க யார்டுக்கே போய்ப் பாத்துட்டு வரேன்க்கா. நீ கோர்ட்டுல கவனத்த வை. மூஞ்சிய மட்டும் இப்படி வச்சுக்காதே, ஜட்ஜே பயந்துடுவாரு."

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

கோர்ட் அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா அருமையாக ஆரம்பித்தார். கம்பெனிகள் இரண்டுமே சொந்தமாக நிரப்பும் நிலையங்கள் வைத்திருக்கின்றன, நாளைக்கு வெளியாட்களுக்குத் திரவம் தருவதை நிறுத்தினால் கேட்க ஆளில்லை, இந்தச் சின்ன விஷயத்தைச் சின்னவர்களிடம் ஆணையம் விசாரிக்கவே இல்லை என்று ஒவ்வொன்றாக வைத்தார். நீதிபதி குறித்துக்கொண்டே வந்தார். பெரியவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

ஆணையத்தின் வக்கீல் எழுந்தார். உயரமான மனிதர். குரல் மட்டும் தாலாட்டுகிற மாதிரி இருக்கும்.

"விசாரிக்கவே இல்லைன்னு மனுவுல எழுதியிருக்காங்க ஐயா. விசாரிச்சோம். எட்டு நிலையங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினோம். பதில் அனுப்பினது ஒரே ஒரு நிலையம்." அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "இந்த மனுதாரரோட நிலையம்."

பெரியவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. எந்தக் கேள்வித்தாள்? எப்போது வந்தது?

"ரகசிய ஆவணம்ங்கறதால இதுவரைக்கும் யாருக்கும் தரல. இப்ப தாக்கல் செய்யறோம்."

சீல் வைத்த உறை பிரிந்தது. நகல் ஒன்று வக்கீலம்மா கைக்கு வந்து, அவள் பக்கம் நகர்ந்தது. பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சிலிண்டர்களில் பெயிண்டால் எண் எழுதுகிற அதே கை. வளைவே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் விறைத்துக்கொண்டு நின்றது. கீழே அப்பாவின் கையெழுத்து.

"ஒன்பதாம் கேள்வியைப் பாருங்க ஐயா. 'இணைப்புக்குப் பின் தங்கள் தொழிலின் தொடர்ச்சி குறித்து ஒரு வரியில் தெரிவிக்கவும்.' பதில், 'முடியும்.' இதை வச்சுத்தான் ஆணையம் தன்னோட உத்தரவுல நாப்பத்து மூணாம் பத்தியை எழுதியிருக்கு. சின்ன நிலையங்கள் தொழிலைத் தொடர முடியும்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இந்த வழக்கு?"

அறையில் யாரோ 'ச்ச்' கொட்டினார்கள். அது தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டதா, கேலியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வக்கீலம்மா திரும்பினார். கண்ணில் தீப்பொறி பறந்தது. "உங்கப்பா இதை எழுதினாரா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"எழுத்து அவருதுதான் மேடம். ஆனா..." பெரியவள் அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அது வேறாகத் தெரிந்தது. "மேடம், 'தொழில் முடியும்'னு எழுதியிருக்காரு. முடிஞ்சு போயிடும்னு. தீர்ந்துடும்னு."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் மேடம்."

தெரியுமா அவளுக்கு? காலையில்தான் அந்த வார்த்தையைப் போனில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் முழுகிப்போகிறவளிடம் போய் நான் ஏன் இதையெல்லாம் கேட்க வேண்டும்.

வக்கீலம்மா துள்ளி எழுந்தார்.

"ஐயா, தொழில் என்ன ஆகும்னு கேட்டிருக்காங்க. முடியும்னு சொல்லியிருக்காரு. அழியும்னு அர்த்தம். அதைப் போய், தொடர முடியும்னு இவங்களா ஒட்டுப் போட்டுப் படிச்சிருக்காங்க."

ஆணையத்தின் வக்கீல் புன்னகைத்தார். "அழிவைச் சொல்ல வந்தவர் 'முடிந்துவிடும்'னுதானே எழுதியிருப்பார்?"

"கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்னு நாம கேக்கறதில்லையா? அதுக்கு என்ன, கூட்டத்தால எத்தனை மணிக்கு இயலும்னா அர்த்தம்?"

பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. நீதிபதிகூடப் பேனாவால் உதட்டை மறைத்துக்கொண்டார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எந்த முடியும்?" என்றார். "ஆணையத்தோட உத்தரவே இந்த வார்த்தை மேலதான் நிக்குது. எழுதினவர் இருக்காரா?"

"இருக்கார் ஐயா."

"அப்ப நாம எதுக்கு ஊகிக்கணும்? நாளைக்குப் பத்தரைக்கு நேர்ல வரட்டும். கூண்டுல ஏறி சத்தியம் செஞ்சு சொல்லட்டும். அதைக் கேட்டுட்டுத் தடை உண்டா இல்லையான்னு சொல்றேன்."

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா தன் உதவியாளரிடம் ஒரு பக்கப் பிரமாணப் பத்திரத்தைச் சொல்லச் சொல்ல டைப் செய்ய வைத்தார். 'என் தொழில் அழிந்துவிடும் என்ற பொருளிலேயே மேற்படி சொல்லை எழுதினேன்.' மை காயுமுன் அதைப் பெரியவள் கையில் திணித்தார்.

"இன்னிக்கே கையெழுத்து வாங்கிடுங்க. ஆனா ஒண்ணு. அவர் அந்த அர்த்தத்துல எழுதியிருந்தா மட்டும் போடட்டும். அந்த உசரக்காரர் குறுக்கு விசாரணையில ஆளை உரிச்சுடுவாரு. பொய்யின்னு தெரிஞ்சா வழக்கோட போகாது, உங்கப்பாவும் உள்ள போவாரு."

"அவர் பொய் சொல்ல மாட்டாரு மேடம்."

சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது.

சின்னவன் போன் செய்தான். காலையில் சாவியைச் சுழற்றிய குரல் இல்லை.

"அக்கா, யார்டுல புதுப் பட்டியல் ஒட்டியிருக்காங்க. எந்தெந்த நிலையத்துக்கு எப்ப டேங்கர்னு. அதுல நம்ம பேரே இல்லக்கா."

"வெள்ளிக்கிழமை இன்னும் வரவே இல்லையேடா. இணைப்பே நடக்கல."

"நீலமும் வெள்ளையும் பக்கத்துல பக்கத்துல நிக்குதுக்கா, ஒரே யார்டுல. வரிசையா நிறுத்தி பெயிண்ட் அடிக்கறாங்க. எல்லாத்துக்கும் சாம்பல் கலர்."

"போட்டோ எடுத்தியா?"

"வாசல்லயே செல்போன வாங்கி வச்சுட்டாங்க. சரி, டேங்கர் வராதுன்னாவது எழுதிக் குடுங்கன்னு குமாஸ்தாகிட்ட கேட்டேன். 'வண்டி ரிப்பேர்னு எழுதித் தரேன், வேணுமா'ன்னு சிரிக்கறான்க்கா."

அவள் வக்கீலம்மாவிடம் சொன்னாள். போட்டோ உண்டா, எழுத்து உண்டா, பார்த்த வேறு ஆள் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றதும், "இப்போதைக்கு நம்ம கையில இருக்கறது உங்கப்பாவோட ஒரு வார்த்தைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார்.

நிலையத்துக்குத் திரும்பியபோது மணி ஐந்து. ஏதோ சரியில்லை என்று கேட்டிலேயே பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமானது. திரவத்தை வாயுவாக்குகிற அலுமினியத் தகடுகள் எப்போதும் வெள்ளையாக உறைபனி மூடி நிற்கும். நிரப்பும் வேலை நடக்கிறவரை அந்தப் பனி உருகாது. இப்போது வேலை நின்றுபோய், பனி உருகி, சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகடுகளின் நிஜ நிறத்தையே அவள் மறந்து போயிருந்தாள். அதுவும் சாம்பல்தான்.

அம்மா பிளாஸ்க்கில் டீ கொண்டு வந்திருந்தாள். சின்னவன் மூலையில் ஒரு காலி சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்பா வழக்கமான நாற்காலியில் இருந்தார்.

"ஆணையத்துலேர்ந்து கேள்வித்தாள் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"எழுதி அனுப்பினீங்களா?"

"ஆமா."

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"கேக்கலையே."

அம்மா டம்ளரை நங்கென்று வைத்தாள். "என்னைக் கட்டிக்கறீங்களான்னு எங்கப்பா கேட்டப்ப இந்த மனுஷன் 'பார்க்கலாம்'னாரு. சம்மதமா, சம்மதமில்லையான்னு தெரியாம மூணு நாள் எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கல. இவர் பேச்சுக்கு அகராதி போடறதுலேயே எனக்குப் பாதி ஆயுசு போச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

பெரியவள் நகலையும் பிரமாணப் பத்திரத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கோர்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதி கேட்ட கேள்வியையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "தொழில் தீர்ந்துடும்னுதானேப்பா எழுதினீங்க? அப்படித்தானே?" என்றாள். குரல் கெஞ்சியது. கெஞ்சுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே கெஞ்சியது.

அப்பா தன் எழுத்தைப் பார்த்தார். பிறகு அந்த நிலையத்தில் யாரும் கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"அன்னிக்கு எட்டு கேள்வி எழுதி முடிச்சேன். ஒன்பதாவது எழுதப் போறப்ப குழந்தைங்க ஆஸ்பத்திரிலேர்ந்து போன். அவசரம், ஆறு சிலிண்டர், முடியுமான்னாங்க. முடியும்னேன். போனை வச்சேன். ஒன்பதாவதுக்கு எழுதினேன்." அவர் தன் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "நம்மால முடியும்னுதான்மா எழுதினேன்."



"அப்பா!" பெரியவள் வெடித்தாள். "ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேர்ந்தா நம்ம கழுத்தை நெரிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? முடியாதுன்னு எழுதியிருந்தா ஆணையம் என்ன பண்ணியிருக்கும்? அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான்ப்பா அவங்க நம்மள பட்டியல்லேர்ந்தே எடுத்துட்டாங்க!"

"முடியாதுன்னு எழுதக் கை வரல."

"கை வரலையா? முப்பது வருஷம் நீங்க கட்டினது இது. எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதுப்பா. இவனுக்கும் தெரியாது. எங்களை நெனச்சாவது கை வந்திருக்கக் கூடாதா?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வந்த அழுகை, அவளால் அடக்க முடியவில்லை.

சின்னவன் எழுந்து வந்தான். மெதுவாகச் சொன்னான். "அப்பா, கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்க மனசுல என்ன நெனச்சு எழுதினீங்கன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்கு" என்றார் அப்பா.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பேனாவின் மூடியைத் திறந்து, பத்திரத்தின் மேல் வைத்து, அப்பாவின் பக்கம் நகர்த்தினாள். அப்பா சொன்னது காதில் விழாத மாதிரி செய்தாள். அப்படிச் செய்வதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டும் செய்தாள்.

"சொல்றது பொய்யின்னே வச்சுக்குவோம்ப்பா. நடக்கப்போறது உண்மைதானே? தொழில் முடியத்தானே போவுது?"

அப்பா பேனாவைத் தொடவில்லை. எழுந்து டேங்க் பக்கம் போனார். அளவுமானியைப் பார்த்தார். காலையில் நாற்பது, பகலில் பதினைந்து நிரப்பியாகிவிட்டது. மீதி இருபத்தைந்து. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொன்ன பதினாலு போனால் பதினொன்று. அங்கிருந்த நாலு பேருக்கும் இந்தக் கணக்கு தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன் அடித்தது.

இந்த போன் அடித்தால் மூன்றாவது மணிக்கு முன்னால் அப்பாவின் கை அதன்மேல் இருக்கும். இன்றைக்கு அவர் டேங்க் பக்கத்திலேயே நின்றார். மூன்று, நாலு, ஐந்து. அம்மா அவரைப் பார்த்தாள். அவர் அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது மணியில் பெரியவள் எடுத்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஸ்டோரைப் பார்க்கும் நர்ஸம்மா. பின்னால் ஒரு குழந்தை இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் அது மூச்சை இழுக்கிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

"யாரு, பெரியவளா? அப்பா இல்லையாம்மா? சரி, உன்கிட்டயே சொல்றேன். இங்க திடீர்னு கூட்டம். நாளன்னிக்குக் காலையில இருபது சிலிண்டர் வேணும்மா. மத்த எடத்துல கேட்டேன், எல்லாரும் கை விரிக்கறாங்க. உங்களை நம்பித்தான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். முடியுமா?"

பதினொன்று. டேங்கர் வராது. பட்டியலில் பெயரே இல்லை. இல்லை என்று சொல்ல அவளுக்கு அத்தனை காரணமும் கையில் இருந்தது. கண்ணெதிரே மேஜையில், அப்பா எழுதியதும் எழுதாததும் இரண்டு காகிதமாகக் கிடந்தன.

குழந்தை இருமியது. மூச்சை இழுத்தது.

"முடியும்" என்றாள் பெரியவள்.

நர்ஸம்மா வாழ்த்திவிட்டு வைத்தாள். ரிசீவரை வைக்கும்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. மெதுவாகத் திரும்பினாள்.

அப்பா அளவுமானியை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, ஜெயித்துவிட்ட பாவனையும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"எந்த முடியும்மா?"